பெயர் கேட்காமல் எடுத்த படங்கள்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பழைய புகைப்படம். புகைப்படம் எடுத்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் பேசப்போவது படத்துக்குள் நிற்பவர்களைப் பற்றி. உலகத்தின் ஆவணக் காப்பகங்களில் கோடிக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நிற்பவர் யார், உட்கார்ந்திருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அட்டையின் கீழே ஒரு வரி மட்டும் இருக்கும்: ‘பெயர் தெரியவில்லை.’ அந்த வரியை அழித்துவிட்டு ஒரு பெயரை எழுத, முகம் தெரியாத சிலர் உலகத்தின் பல மூலைகளில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. பொன்னாடை கிடையாது. அவர்களுடைய கதைகளில் சிலவற்றை உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கதையோடு ஒரு வழக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். ‘பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்பு படத்தில் இருப்பவரைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் குறிப்பை எழுதியவரைப் பற்றித்தான் சொல்கிறது. அவருக்குப் பெயர் இருந்தது, இவர் கேட்கவில்லை. இதுதான் என் வழக்கு. சாட்சிகளை ஒவ்வொருவராக அழைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முதல் சாட்சி ஒரு குழுப் படம். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் திமிங்கிலங்களின் உயிரியல் பற்றி ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. வந்த அறிஞர்கள் 38 பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு நடுவே ஒரு கருப்பினப் பெண். முன்னால் நிற்பவர் மறைத்ததில் அவர் முகம் பாதிதான் தெரிகிறது. படத்தின் கீழே பெயர்ப் பட்டியல் இருக்கிறது. எல்லோருக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவருக்கு மட்டும் ‘அடையாளம் தெரியவில்லை.’

2018 மார்ச் மாதம் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கேண்டஸ் ஜீன் ஆண்டர்சன் என்ற ஓவியர், கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்க 1972இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தைப் பற்றிச் சிறுவர் புத்தகம் ஒன்றுக்காகத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் படம் அவர் கண்ணில் பட்டது. மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தாண்டிப் போன இடத்தில் அவர் நின்றார். இவர் யார் என்று ட்விட்டரில் கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. கேட்டார்.

கேட்டதும் என்ன ஆயிற்று? ஆயிரக்கணக்கானோர் தேட ஆரம்பித்தார்கள். மாநாட்டுக்குப் போன பழைய விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல்கள் பறந்தன. ஆவணக் காப்பாளர்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். வேறு வேறு பெயர்கள் வந்தன, சரிபார்த்தபோது விழுந்தன. அலுவலக வேலைக்கு வந்தவராக இருப்பாரோ என்ற பேச்சும் நடுவே எழுந்தது. விஞ்ஞானிகள் கூட்டத்தில் ஒரு கருப்பினப் பெண் நின்றால், குறிப்பெடுக்க வந்தவர் என்று நினைப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்! கடைசியில் விடை ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்து வந்தது. அவர் பெயர் ஷீலா மைனர். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பாலூட்டிகள் பிரிவில், உயிரியல் ஆராய்ச்சித் தொழில்நுட்பப் பணியில் இருந்தவர். பிறகு முதுகலை படித்து, 35 ஆண்டுகள் மத்திய அரசுப் பணியாற்றி, சுற்றுச்சூழல் துறையில் உயர்ந்த நிலையில் ஓய்வு பெற்றவர்.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அவரைக் கண்டுபிடித்தபோது அவர் நலமாக வீட்டில் இருந்தார். இவ்வளவு பேர் தன்னைத் தேடியது அவருக்கு வியப்பாக இருந்தது. செய்த வேலைதான் முக்கியம், பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்கிற தோரணையில்தான் செய்தியாளர்களிடம் பேசினார். அது அவருடைய பெருந்தன்மை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. 37 பேருக்குப் பெயர் எழுதிய கை 38ஆவது ஆளிடம் வந்து ஏன் நின்றது என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நண்பர்களே, ஒரு ஓவியர் கேட்டதற்கே இவ்வளவு பலன் என்றால், ஒரு பெரிய காப்பகமே இறங்கி வந்து மக்களிடம் கேட்டால்? அப்படியும் நடந்தது.

2008 ஜனவரி 16ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஃபிளிக்கர் என்ற படத் தளத்தில் சுமார் 3,100 பழைய படங்களை ஏற்றியது. அதில் 1,500 அளவுக்கு ஜார்ஜ் கிரந்தாம் பெயின் என்பவர் நடத்திய செய்திப்பட நிறுவனத்தின் கண்ணாடித் தகடுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து பத்திரிகைகளுக்குப் படம் விற்றவர் அவர். அவசர வேலை. தகட்டின் ஓரத்திலேயே கையால் கிறுக்கிவிடுவார்கள். குடும்பப் பெயர் மட்டும் இருக்கும், அதிலும் எழுத்துப் பிழை இருக்கும். பெண்கள் என்றால் பல நேரம் ‘திருமதி’ போட்டுக் கணவர் பெயர். அந்த அம்மாளுக்கென்று ஒரு பெயர் இருந்ததா என்று கேட்க நேரமில்லை, அச்சுக்குப் போக வேண்டும்.

நூலகத்தார் சொன்னது ஒன்றே ஒன்று: எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அந்த ஆண்டு அக்டோபருக்குள் ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகள் குவிந்தன. வெறும் ‘அருமை’, ‘அழகு’ என்பவையும் அதில் ஏராளம், இல்லாமல் இருக்குமா? ஆனால் சுமார் இருபது பேர் மட்டும் விடாப்பிடியாகத் தோண்டினார்கள். பழைய செய்தித்தாள்களின் மின்வடிவத்தைப் புரட்டி, இந்தக் குத்துச்சண்டை வீரர் இன்ன தேதியில் இன்ன ஊரில் மோதினார், ஆகவே இது இந்த வாரம் எடுத்த படம் என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். நூலகப் பணியாளர்கள் அவற்றைச் சரிபார்த்து, முதல் ஒன்பது மாதங்களிலேயே 500க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைத் திருத்தினார்கள்.

‘சரிபார்த்து’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வருகிற பெயரையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டால் அது காப்பகம் ஆகாது, திண்ணைப் பேச்சாகிவிடும்.

எப்படிச் சரிபார்க்கிறார்கள்? இங்கேதான் அந்த வேலையின் சுவையே இருக்கிறது. அயர்லாந்தின் தேசிய நூலகமும் இதே தளத்தில் படம் போட்டுக் கேட்கிறது. அங்கே கூடும் அன்பர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் பார்ப்பார்கள். அந்தப் பெயரில் கடை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று பழைய வணிகர் கையேட்டில் தேடுவார்கள். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் அங்கே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தெருவில், அந்த வீட்டில், அந்த வயதில் யார் யார் இருந்தார்கள் என்று அதில் பார்ப்பார்கள். சுவரில் ஒட்டிய நாடக விளம்பரம், மின்கம்பி வந்திருக்கிறதா இல்லையா, பெண்களின் சட்டைக் கை எவ்வளவு உப்பியிருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஒன்றையும் விடமாட்டார்கள். ஆண்டு நெருங்கும், ஊர் நெருங்கும், தெரு நெருங்கும், கடைசியில்தான் ஆள் வருவார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் படங்களிலும் அப்படித்தான். படத்தின் பின்பக்கம் வரிவில்லை ஒட்டியிருந்தால் அது 1864க்கும் 1866க்கும் இடையில் விற்ற படம். போர்ச் செலவுக்காகப் புகைப்படத்துக்கும் வரி போட்ட காலம் அந்த இரண்டு ஆண்டுதான். வரி கட்டியவர் அன்று எவ்வளவு முணுமுணுத்தாரோ, இன்று ஆராய்ச்சிக்காரன் அவரை வாழ்த்துகிறான்!

சரி, இப்படியெல்லாம் தேட வேண்டியது பெயர் தெரியாத எளிய மனிதர்களுக்குத்தானே, புகழ்பெற்ற படங்களில் சிக்கல் வராதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக அச்சான படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1945 பிப்ரவரி 23. பசிபிக் கடலில் ஐவோ ஜிமா தீவு. சூரிபாச்சி மலை உச்சியில் ஆறு அமெரிக்க வீரர்கள் ஒரு கொடிக்கம்பத்தை நடுகிறார்கள். ஜோ ரோசென்தால் என்ற செய்திப் படக்காரர் அந்தக் கணத்தைப் பிடித்தார். அஞ்சல்தலை ஆயிற்று, வாஷிங்டன் அருகே வெண்கலச் சிலை ஆயிற்று, புத்தகம் ஆயிற்று, திரைப்படம் ஆயிற்று. அந்த ஆறு பேர் யார்? அரசாங்கம் பட்டியல் கொடுத்தது. ஆறு பெயர். நாடே மனப்பாடம் செய்தது.

அந்தப் பட்டியலில் மூன்று பெயர் தவறு. ஆறில் மூன்று! திருத்தி முடிக்க 74 ஆண்டு ஆயிற்று.

முதல் தவறைக் கண்டுபிடித்தவர் ஒரு தாய். டெக்சஸ் மாநிலத்தில் பெல் பிளாக் என்ற அம்மையார் செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தைப் பார்த்தார். கம்பத்தின் அடியில் குனிந்து, முகமே தெரியாமல், முதுகு மட்டும் காட்டி நிற்கும் வீரனைக் காட்டி, இது என் பிள்ளை ஹார்லன் என்றார். வீட்டில் இருந்தவர்களே நம்பவில்லை. முதுகை வைத்து எப்படிச் சொல்கிறாய் என்றார்கள். பட்டியலிலோ அந்த இடத்தில் ஹான்சன் என்ற வேறொருவர் பெயர் இருந்தது. ஹார்லன் அந்தத் தீவிலேயே இறந்துவிட்டான்.

படத்தில் இருந்த இன்னொருவர் ஐரா ஹேய்ஸ். அரிசோனாவைச் சேர்ந்த பிமா பழங்குடி வீரர். பெயர் தவறு என்று அவருக்குத் தெரியும். அதிகாரியிடம் சொன்னார். பட்டியல் வெளியாகிவிட்டது, பேசாமல் இரு என்று பதில் வந்தது. 1946இல் அவர் வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, அரிசோனாவிலிருந்து டெக்சஸ் வரை போய், பிளாக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொன்னார். 1947 ஜனவரியில் அரசு திருத்தம் வெளியிட்டது. பெற்றவள் முதல் பார்வையில் சொன்னதைப் படைத்துறை ஏற்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று.

மற்ற இரண்டு தவறுகள்? அவற்றைத் தேடிப் பிடித்தவர்கள் நான் சொல்லிக்கொண்டு வரும் தன்னார்வலர்கள்தான். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் ஃபோலி என்பவர். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நாட்களில் பொழுதுபோகாமல் இந்தப் படத்தையும் அதே நாளில் அதே மலையில் எடுத்த மற்றப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஒமாஹாவில் எரிக் கிரெல் என்பவர், தொழில் பொம்மை வடிவமைப்பு. இருவரும் சேர்ந்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஜான் பிராட்லி என்ற கடற்படை மருத்துவ உதவியாளர் அன்று எடுத்த மற்றப் படங்களில் காற்சட்டை விளிம்பை மடித்துவிட்டிருக்கிறார். கொடிக்கம்பத்தைப் பிடித்திருக்கும் ஆளின் காற்சட்டை மடிக்கவில்லை. இடுப்புக் கச்சை வேறு மாதிரி. தலைக்கவசத்துக்குள் தொப்பியும் போட்டிருக்கிறார், பிராட்லி போடவில்லை. சில நிமிட இடைவெளியில் ஒருவர் இத்தனையையும் மாற்றிக்கொண்டிருப்பாரா?

2014இல் ஒமாஹாவின் செய்தித்தாள் இதை வெளியிட்டது. கேலி செய்தவர்கள் உண்டு. பிராட்லியின் மகன்தான் அந்த வீரர்களைப் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதியவர். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? ஆனால் அவரே பின்னால் ஆதாரத்தைப் பார்த்து, தன் தந்தை அந்தப் படத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிராட்லி அன்று காலை அதே மலையில் முதலில் ஏற்றிய வேறொரு கொடியின் அருகில் இருந்தவர். இரண்டு நிகழ்ச்சியும் அவர் நினைவில் கலந்திருக்கலாம். பொய் சொன்னார் என்று சொல்ல நான் தயாரில்லை. 2016இல் படைத்துறை திருத்தம் அறிவித்தது. அந்த இடத்தில் நின்றவர் ஹாரல்டு ஷுல்ட்ஸ். போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து, 1995இல் இறந்தவர். வாழ்நாளில் ஊரறியச் சொல்லவே இல்லை. 2019இல் ஃபோலியும் வேறு இரு ஆர்வலர்களும் மூன்றாவது தவறையும் நிறுவினார்கள். ரெனே காக்னன் என்று நினைத்திருந்தவர் அயோவா மாநிலத்தின் ஹாரல்டு கெல்லர். அவர் 1979இலேயே இறந்துவிட்டார். தங்கள் வீட்டுப் பெரியவர் அந்தப் படத்தில் இருக்கிறார் என்பது அவர் குடும்பத்துக்கே அப்போதுதான் தெரிந்தது.

காற்சட்டை மடிப்பு! எழுபது ஆண்டு நாடே பார்த்த படத்தில், யாரும் பார்க்காத காற்சட்டை மடிப்பு.

இப்போது இளைஞர்கள் சிலர் கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் ஓடும் கேள்வி எனக்குக் கேட்கிறது. இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு, செயற்கை நுண்ணறிவிடம் முகத்தைக் கொடுத்தால் நொடியில் சொல்லிவிடாதா?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பேராசிரியர் கர்ட் லூதர், 2013இல் பிட்ஸ்பர்க் நகரின் ஒரு கண்காட்சியில் உள்நாட்டுப் போர்க் காலத்துப் படமொன்றில் தன் முன்னோர் ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தார். குடும்பத்தில் யாரிடமும் அவர் படம் இருந்ததில்லை. அந்த வியப்பிலிருந்து பிறந்தது 2018இல் தொடங்கிய ஒரு தளம். உள்நாட்டுப் போர் வீரரின் படத்தை ஏற்றினால், இயந்திரம் முக ஒற்றுமையைத் தேடும். தோள் பட்டை, கைப் பட்டி, தொப்பியில் உள்ள எண் ஆகியவற்றை நாம் குறித்துக் கொடுத்தால், பொருந்தாதவர்களைக் கழித்துவிடும். நல்ல கருவி. ஆனால் இயந்திரம் தருவது ஒத்த முகங்களின் வரிசை மட்டும். அண்ணன் தம்பிகள் ஒரே படையில் இருப்பார்கள். எல்லோருக்கும் அடர்ந்த தாடி இருக்கும். ஆகவே அந்தப் பேராசிரியரின் குழுவே, அவசரப்பட்டு ‘இவர்தான்’ என்று முடிவு கட்டிவிடாமல் இன்னும் பலருடைய பார்வையைக் கேட்க வைக்கும் ஏற்பாட்டையும் பிறகு செய்தது. தவறான பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஐவோ ஜிமாவைவிட வேறு சாட்சி வேண்டுமா? இந்த இயந்திரத்தை உயிரோடு இருப்பவர்களின் முகத்தில் ஏவுவதை நான் ஆதரிக்கவில்லை. தெருவில் போகும் ஒருவரின் பெயரை அவரைக் கேட்காமல் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

இனி என் வழக்கின் முதன்மைச் சாட்சிக்கு வருகிறேன். இதற்காக நாம் வடதுருவத்தை ஒட்டிய கனடாவுக்குப் போக வேண்டும்.

அங்கே வாழும் இனுயிட் மக்களைத் தெற்கிலிருந்து போன அதிகாரிகளும், மருத்துவர்களும், பத்திரிகைக்காரர்களும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறார்கள். படங்கள் அழகானவை. அவற்றின் கீழே என்ன எழுதியிருக்கும்? ‘எஸ்கிமோ பெண்.’ ‘குழந்தையுடன் தாய்.’ ‘சுதேசி வகை.’ படம் எடுத்த அதிகாரியின் பெயர் முழுதாக இருக்கும். அந்தத் தாய்க்குப் பெயர் இருக்காது.

அதைவிடக் கொடுமை ஒன்று. அந்த மக்களின் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. என்ன செய்தது அரசு? 1941 முதல் ஆளுக்கொரு எண் கொடுத்தது. எண் பொறித்த வட்டமான வில்லையைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்ளச் சொன்னது. கிழக்கே இருந்தால் ஓர் எழுத்து, மேற்கே இருந்தால் இன்னோர் எழுத்து, பிறகு எண். மனிதர்கள், நண்பர்களே! பல பத்தாண்டுகள் இது நடந்தது. 1968 முதல் 1971 வரை ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டிய குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க உதவிய பிறகுதான் அந்த எண் வில்லைகள் மெல்ல மறைந்தன.

அந்தச் சமூகத்தில் பெயர் என்றால் என்ன தெரியுமா? இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். பாட்டியின் பெயரைச் சுமக்கும் சிறுமியை வீட்டில் பாட்டி என்ற உறவிலேயே அழைப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் பெயரைக் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நூனவுட் பகுதி இனுயிட் இளைஞர்களுக்காக ஒரு கல்வித் திட்டம் இருக்கிறது. அந்த மாணவர்கள் தங்கள் ஊர்ப் படங்கள் தலைநகரத்துக் காப்பகத்தில் இருப்பதைப் பார்த்தார்கள். ரிச்சர்டு ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரர் 1940களின் இறுதியிலும் 1950களிலும் எடுத்த படங்கள். பேட்லே என்ற இடத்தில் 1950இல் வந்த பட்டினியின் படங்களும் அதில் உண்டு. உலகமெல்லாம் பத்திரிகைகளில் வந்த படங்கள் அவை. பசியில் ஒடுங்கிய முகங்களை உலகம் பார்த்தது, இரங்கியது. யாருடைய முகம் என்று கேட்டதா?

2001ஆம் ஆண்டு வாக்கில் அந்தக் கல்வித் திட்டமும், கனடாவின் தேசியக் காப்பகமும், நூனவுட் அரசும் கைகோத்தன. படங்களை மின்வடிவாக்கினார்கள். மாணவர்கள் அவற்றை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள்.

பெயர்கள் கொட்டின. ‘தெரியாதவர்’ என்று காப்பகம் அரை நூற்றாண்டு எழுதி வைத்திருந்த மனிதர்களை, அந்த ஊர்க் கிழவிக்குத் தெரிந்திருந்தது. இது என் அத்தை, இது அவள் மூத்த மகன், இந்த நாய்வண்டி இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே போனார்கள். முதல் கட்டத்தில் காட்டிய படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைத்தது. சில படங்களில், பார்த்துக்கொண்டிருந்த முதியவர்களே சின்ன வயதில் நின்றுகொண்டிருந்தார்கள்! பிறகு வாரம் ஒரு படம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்தது. காப்பகத்தின் தளத்தில் பெயர் எழுத ஒரு படிவம் வந்தது. முகநூல் வந்ததும் இன்னும் வேகம். 2015இல் இனுயிட் மக்களோடு கனடாவின் மற்ற முதற்குடி மக்களுக்கும் திட்டத்தை விரித்தார்கள். தெற்கே யாரும் கேட்காதவரை ‘தெரியாதவை’யாக இருந்த பெயர்கள் வடக்கே பத்திரமாக இருந்திருக்கின்றன.

நான் என் வழக்கை முடித்துக்கொண்டேன். ஆனால் கூண்டில் ஏற வேண்டியவர்கள் கனடாக்காரர்கள் மட்டும்தானா?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்தவர். 1909இல் அவருடைய ஏழு தொகுதிகள் வந்தன, கே. ரங்காச்சாரி உடன் உழைத்தார். ஏழு தொகுதியிலும் படங்கள் இருக்கின்றன. படத்தின் கீழே சாதியின் பெயர் இருக்கும், பழங்குடியின் பெயர் இருக்கும். ஆளின் பெயர்? நீலகிரியிலும் ஆனைமலையிலும் அந்தப் படங்களுக்கு நின்றவர்களின் கொள்ளுப்பேரன்கள் இன்றைக்கும் அதே மலையில் இருக்கிறார்கள். அந்தப் படத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாமா? காட்டும்போது அவர்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும். இறந்தவரின் உருவத்தைக் காட்டுவதே மரபுக்கு விரோதம் என்று கருதும் சமூகங்கள் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரிடையே உண்டு; அங்கே காப்பகங்கள் முன்கூட்டி எச்சரிக்கை எழுதிவிட்டுத்தான் படம் காட்டுகின்றன. பெயரை வெளியிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தார்தான்.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, நம் ஊர்களின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கியிருக்கிறார்கள். அட்டையில் ஸ்டுடியோவின் முத்திரை அழகாக விழுந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் வீட்டில் அந்தப் படம் மாட்டியிருந்தவரை எழுத வேண்டிய தேவை இல்லை, வீட்டுக்கே தெரியும். வீட்டை இடித்தபோது படம் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. அங்கே போனதும் அவர் ‘பெயர் தெரியாதவர்’ ஆகிவிட்டார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் பழைய படங்களை எடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேளுங்கள். ‘மதுரைப் பெரியம்மா’ என்று உறவு சொன்னால் நிறுத்தாதீர்கள். பெரியம்மாவின் பெயரைக் கேளுங்கள். ஓரமாக நிற்கும் வேலைக்காரப் பெண்ணின் பெயரையும் கேளுங்கள். ஊர், ஆண்டு, எந்த விசேஷம் என்பதையும் கேளுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ‘இருக்கலாம்’ என்று சொன்னதையும் தனித்தனியாக எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும், அழுத்தினால் முன்பக்கம் தடிக்கும். படத்தின் பின்னால், ஓரத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு காகித உறையில் எழுதி அதற்குள் படத்தை வையுங்கள். கைபேசியில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்புங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் சொல்வார். இந்த நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதிக்கும் ஒரு படி கொடுங்கள். நூலகர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இதைத் தீபாவளி விடுமுறைக்கு ஒத்திப் போடாதீர்கள். சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதாகிறது. இன்றிரவே கேளுங்கள்.